நாற்பது வருடமாகியும் ஏன் குடியுரிமை இல்லை, ஏன் திரும்பிப் போகவில்லை? தமிழக முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்கள்

கேள்வி இதுதான்: "1983-இல் படகில் வந்தவர்கள் இன்னும் முகாமிலேயே இருக்கிறார்கள். ஒன்று, இந்தியக் குடியுரிமை வாங்கியிருக்கலாம். இல்லையென்றால் போர் முடிந்த பிறகு ஊருக்குப் போயிருக்கலாம். இரண்டையும் ஏன் செய்யவில்லை?"

கேட்பவர்களில் பலர் குறை சொல்வதற்காகக் கேட்பதில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்கிறார்கள். சுருக்கமான பதில்: முதல் வழியைச் சட்டம் அடைத்து வைத்திருக்கிறது. இரண்டாவது வழி திறந்திருக்கிறது, ஆனால் அதில் போவதால் இழக்க வேண்டியது அதிகம். இனி விரிவாகச் சொல்கிறேன். கொஞ்சம் சட்டம் பேச வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் எல்லாமே கடைசியில் சட்டத்தில்தான் வந்து நிற்கிறது.

முதலில் யார், எத்தனை பேர் என்று பார்த்துவிடுவோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தொடங்கி 1987-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வரும்வரை வந்தவர்கள் முதல் அலை, சுமார் 1.34 லட்சம் பேர். அமைதிப்படை திரும்பி, 1990 ஜூனில் மறுபடி போர் மூண்டபோது வந்தவர்கள் இரண்டாவது அலை. 1995-க்குப் பிறகு ஒரு அலை, 2006-க்குப் பிறகு கடைசிக்கட்டப் போரின்போது இன்னொன்று. எல்லாம் சேர்த்து 3 லட்சத்துக்கும் மேல் என்று மத்திய உள்துறைக் கணக்கு சொல்கிறது. இவர்களில் பெரும்பாலோர் இப்போது இங்கே இல்லை. அண்மைக்கால அரசுக் கணக்குகளின்படி தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கும் நூற்றுச்சொச்சம் முகாம்களில் சுமார் 58,000 பேரும், காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வாடகை வீடுகளில் இருக்கும் 'வெளிப்பதிவு'க்காரர்கள் சுமார் 34,000 பேரும் இருக்கிறார்கள்.

ஆகவே யாருமே திரும்பிப் போகவில்லை என்பது சரியல்ல. 1987-க்குப் பிறகும், 1992 முதல் 1995 மார்ச் வரையிலும் அரசே ஏற்பாடு செய்து ஏறக்குறைய 99,000 பேரைத் திருப்பி அனுப்பியது. 1992-இல் நடந்தது எவ்வளவு தூரம் விருப்பத்தின்பேரில் நடந்தது என்பது வேறு கேள்வி. ராஜீவ் காந்தி கொலைக்கு அடுத்த வருடம் அது. முகாம்களில் இருந்த நெருக்கடியில் 'விருப்பம்' என்று கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. அந்தச் சந்தேகம் எழுந்ததால்தான் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, போகிறவர்களிடம் நேரில் பேசத் தொடங்கியது. அப்படித் திரும்பியவர்களில் சிலர் அடுத்த சண்டையில் மறுபடி படகேறி வந்ததும் நடந்தது. ஒரே ஆள் இரண்டு முறை அகதியாகப் பதிவான குடும்பங்களை முகாம்களில் பார்க்கலாம்.

சரி, குடியுரிமைக்கு வருவோம்.

இந்தியா 1951-ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று உள்நாட்டுச் சட்டமும் இல்லை. அதனால் 'அகதி' என்ற நிலையே இந்தியச் சட்டத்தில் கிடையாது. குடிமகன் அல்லாதவர் எல்லோரும் வெளிநாட்டவர், அவ்வளவுதான். இதற்கு மேல் 2003-இல் குடியுரிமைச் சட்டத்தில் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வகை சேர்க்கப்பட்டது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் உள்ளே வந்தவர், அல்லது முறையாக வந்து காலக்கெடு தாண்டித் தங்கியவர், இருவரும் இதில் அடக்கம். தலைமன்னார் பக்கமிருந்து இருட்டில் படகேறி அரிச்சல்முனையில் இறங்கியவர் கையில் விசா எங்கே இருக்கும்?

வெளிநாட்டவர் ஒருவர் 12 வருடம் இங்கே வாழ்ந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டவிரோதக் குடியேறி விண்ணப்பிக்க முடியாது. அதனால் 12 வருடம் அல்ல, 40 வருடம் இருந்தாலும் கணக்கில் சேராது. இதில் எனக்கு எப்போதும் உறுத்துவது ஒன்று உண்டு. இவர்கள் ஒளிந்து வாழ்ந்தவர்கள் அல்ல. கரையில் இறங்கியவர்களை அரசாங்கமே மண்டபம் முகாமுக்கு அழைத்துப்போய், பெயர் எழுதி, அடையாள அட்டை கொடுத்து, அரிசியும் பணமும் கொடுத்து, எந்த மாவட்டத்தில் தங்க வேண்டும் என்றும் தீர்மானித்தது. ஒரு கை வரவேற்றுப் பதிந்த ஆளை இன்னொரு கை சட்டவிரோதம் என்று எழுதி வைத்திருக்கிறது.

"இங்கேயே பிறந்த பிள்ளைகள்?" என்று அடுத்து கேட்பீர்கள். அது பிறந்த தேதியைப் பொறுத்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இன்னும் கடுமை: இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். 1987-இன் மாற்றத்துக்குக் காரணம் சொன்னபோது வங்கதேசத்தோடு இலங்கையிலிருந்து வருகிறவர்களையும் மத்திய அரசு குறிப்பிட்டது. அதாவது முதல் அலைப் பிள்ளைகள் முகாமில் பிறந்துகொண்டிருந்தபோதே அந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது.

கடைசி விதியின் விளைவு பலருக்குத் தெரியாது. உள்ளூர்ப் பையன் ஒருவர் முகாம் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறார் என்று வையுங்கள். இது சாதாரணமாக நடப்பதுதான். அவர்களுக்கு 2004-க்குப் பிறகு பிறந்த குழந்தை, அப்பா இந்தியராக இருந்தும், சட்டத்தின் எழுத்துப்படி பிறப்பால் இந்தியர் ஆகாது. அம்மாவும் மனைவி என்ற முறையில் பதிவு செய்து குடியுரிமை பெற முடியாது, அந்தப் பிரிவுக்கும் அதே தடை. நடைமுறையில் பள்ளியிலோ ரேஷன் கடையிலோ இதை யாரும் கிளறுவதில்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் வெளியே வரும்.

1987-க்கு முன் பிறந்தவர்களுக்கு உரிமை இருந்தும் அது கையில் கிடைக்கப் பல வருடம் ஆனது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு மறுக்கப்பட்டு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில், அவர் பிறப்பால் இந்தியரே, பாஸ்போர்ட் கொடுங்கள் என்று தீர்ப்பு வந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தது செய்தியானது. சட்டம் 1955-லிருந்து சொல்லிக்கொண்டிருந்ததை நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு வழக்கு தேவைப்பட்டிருக்கிறது. திபெத்தியர்களுக்கும் இதே கதைதான்: அதே தேதிக் கணக்கை வைத்து 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இங்கே பிறந்த ஒரு திபெத்தியப் பெண்ணை இந்தியர் என்று அறிவித்தது.

2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த, முஸ்லிம் அல்லாத ஆறு மதத்தவருக்கு 'சட்டவிரோதக் குடியேறி' என்ற தடையை அது நீக்கியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. முகாம்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்களும் கிறிஸ்தவர்களும்தான். மதம் பொருந்தினாலும் நாடு பொருந்தவில்லை. 2025 செப்டம்பரில் புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஒரு சலுகை கிடைத்தது: 2015 ஜனவரி 9-க்குள் வந்து அரசிடம் பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான நடவடிக்கையிலிருந்து விலக்கு. நல்லதுதான். ஆனால் குடியுரிமை வந்துவிட்டது என்று சிலர் பகிர்ந்துகொண்டது தவறு. வழக்குப் போட மாட்டோம் என்பது வேறு, குடிமகன் என்பது வேறு.

மலையகத் தமிழர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். முகாம்வாசிகளில் கணிசமானவர்கள் அவர்கள். இவர்களுடைய முன்னோர்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் என்று நம் ஊர்களிலிருந்து இலங்கை மலைநாட்டுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர்கள். அன்றைக்குக் கண்டிச்சீமைக்குப் போகிறவர்களைக் கப்பலேற்றுவதற்கு முன் நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்த இடமும் இதே மண்டபம் முகாம்தான். 1948-இல் இலங்கை சுதந்திரமடைந்த கையோடு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் ஆட்களைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். யாரையும் கேட்டுச் செய்ததில்லை.

ஒப்பந்தப்படி வந்தவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்தார்கள். நீலகிரியில் தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்றார்கள், இன்று வாக்காளர்கள். ஆனால் எல்லோரும் வந்து முடிப்பதற்குள் போர் வந்தது, 1984-இல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பலும் நின்றது. 1977, 1983 கலவரங்களில் அடி வாங்கி மலையிலிருந்து வவுனியா, கிளிநொச்சி பக்கம் இறங்கியவர்கள் அங்கேயும் போர் துரத்தவே, கடைசியில் படகில் வந்தார்கள். ஆக, அண்ணன் கப்பலில் வந்து இந்தியர், தம்பி படகில் வந்து அகதி. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளில் ஒருவர் கோத்தகிரியில் ஓட்டுப் போட, இன்னொருவர் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் செக்கிங்குக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்கிறார்.

இந்திய வம்சாவளி என்று காட்டிப் பதிவு வழியாகக் குடியுரிமை கேட்கலாமே என்றால், அதற்கு விண்ணப்பிப்பவரோ அவருடைய தாய் தந்தையில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். தாத்தா பாட்டி பிறந்தது போதாது. இவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்க 2019-இல் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆனாலும் பெரும்பாலோரின் நிலை மாறவில்லை. என்னைக் கேட்டால் இந்த ஒரு பிரிவினருக்கு இந்தியா கொடுப்பது கருணையே அல்ல, 1964-இல் ஒப்புக்கொண்டதன் பாக்கி.

இப்போது முகாமில் அன்றாடம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். பட்டினி இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உதவித்தொகை உயர்ந்தது. 7,469 வீடுகள் புதிதாகக் கட்டுவதாகச் சொல்லி, பல முகாம்களில் கட்டியும் கொடுத்தார்கள். முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரும் மாறியது. தார் ஷீட் கூரையும் பத்துக்குப் பத்து அறையுமாக முப்பது வருடம் கிடந்தவர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. குறை சொல்பவர்கள் ஒரு மே மாதத்தில் தார் ஷீட்டுக்குக் கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த வீட்டில் குடியிருக்கலாமே தவிர, அது அவர்கள் சொத்து அல்ல. பட்டா கிடையாது. காட்டிக் கடன் வாங்க எதுவும் இல்லை. வருவாய்த் துறையினர் வரும் செக்கிங் நாளில் குடும்பத்தோடு ஆஜராக வேண்டும். வெளியூர் வேலையில் இருப்பவர் அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வர வேண்டும். வராவிட்டால் உதவித்தொகை நிற்கும், பதிவே போய்விடுமோ என்ற பயமும் உண்டு. தமிழகக் காவல்துறையின் உளவு அமைப்பான கியூ பிரிவின் கண் எப்போதும் மேலே இருக்கும். பெரிய தலைவர்கள் அந்தப் பக்கம் வருகிறார்கள் என்றால் முகாமை விட்டு வெளியே போகாதே என்பார்கள். வழக்கு ஏதாவது வந்தால், ஜாமீன் கிடைத்த பிறகும் திருச்சி மத்தியச் சிறை வளாகத்திலுள்ள சிறப்பு முகாமில் வைக்கப்படலாம்.

வேலை என்றால் பெயிண்டிங். முகாம் ஆண்களில் எத்தனை பேர் பெயிண்டர்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். காண்டிராக்டரோடு கிளம்பிப் போய், வாரக்கணக்கில் வெளியே தங்கி வேலை பார்த்துவிட்டு செக்கிங்குக்கு வந்து போவார்கள். தினக்கூலி, ரொக்கம், யாரும் காகிதம் கேட்பதில்லை. காகிதம் கேட்காத வேலையாகத்தான் தேட வேண்டியிருக்கிறது.

படிப்பில் அவர்கள் பின்தங்கியவர்கள் அல்ல, அதுதான் வேதனையைக் கூட்டுகிறது. 1991-க்குப் பிறகு சில வருடம் கல்லூரிச் சேர்க்கை ஏறக்குறைய அடைபட்டிருந்து, பிறகு மெல்லத் திறந்தது. இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள் ஒரு தலைமுறையையே படிக்க வைத்தன. பட்டதாரிகள், பொறியாளர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அப்புறம்? அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பெரிய கம்பெனியில் நேர்முகத்தேர்வு எல்லாம் நன்றாகப் போய், ஆவணச் சரிபார்ப்பில் நின்றுவிடும். ஆதார் இருக்கும், பாஸ்போர்ட் இருக்காது. வெளிநாட்டு புராஜெக்ட் என்றால் பேச்சே இல்லை. இதைப் பார்க்கும் தம்பி பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டு அண்ணனோடு பெயிண்ட் அடிக்கப் போவதைச் சோம்பேறித்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் கனடாவை நினைக்காமல் இருக்க முடியாது. அதே யாழ்ப்பாணம், அதே மன்னார், அதே போர். 1986-இல் நியூஃபவுண்ட்லாந்து கடலில் 155 தமிழர்கள் உயிர்காப்புப் படகுகளில் மிதந்தபோது மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அவர்களுக்குத் தங்க அனுமதி கிடைத்தது. கனடா எப்போதும் அப்படி இருந்துவிடவில்லை. 2010-இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேரை அடைத்து வைத்தார்கள், பலரை மாதக்கணக்கில். ஆனாலும் ஒவ்வொருவருடைய கோரிக்கையையும் தனித்தனியாகக் கேட்க அங்கே ஒரு வாரியம் இருந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டால் நிரந்தர வதிவிடம், பிறகு சில வருடங்களில் குடியுரிமை. நிராகரிக்கப்பட்டால் அதையும் காரணத்தோடு சொல்வார்கள். இங்கே யாரையும் நிராகரிக்கவில்லை, யாரையும் ஏற்கவும் இல்லை. அதனால்தான் சிலர் தமிழகக் கரையிலிருந்தே மறுபடி மீன்பிடிப் படகில் ஏறி ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். படகில் வருகிற எவரையும் குடியமர்த்த மாட்டோம் என்று 2013 ஜூலையில் அந்த நாடு அறிவித்த பிறகு அந்த வழியும் போயிற்று.

சரி, ஊருக்குத்தான் போகலாமே? 2009 மே மாதம் போர் முடிந்தது. அதற்குப் பிறகு ஐ.நா. ஆணையத்தின் உதவியோடு விமானத்தில் போனவர்கள் உண்டு. பெருங்கூட்டமாகப் போகவில்லை, காரணங்கள் மிகச் சாதாரணமானவை. 1990-இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து ஓடியவரின் காணி (நிலம்) ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. பகுதி பகுதியாக விட்டிருக்கிறார்கள், முழுக்க இல்லை. வேறு இடங்களில் காணிக்குள் இன்னொருவர் குடியிருப்பார். பத்து வருடம் தடையின்றி அனுபவித்தவர் உரிமை கோரலாம் என்ற பழைய சட்டம் இடம்பெயர்ந்தவர்களுக்குப் பாதகமாக இருந்ததால், 1983 மே முதல் 2009 மே வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2016-இல் தனிச்சட்டம் வந்தது. ஆனால் இங்கிருந்துகொண்டு அங்கே வழக்கு நடத்த யாரிடம் காசு இருக்கிறது? மலையகத்தவருக்கோ தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) தவிரச் சொந்தமாக எதுவும் இருந்ததே இல்லை.

பிள்ளைகள் பெரிய காரணம். முகாமில் பிறந்தவருக்கு இப்போது முப்பத்தைந்து வயது. வீட்டில் அம்மாவோடு ஒரு தமிழ், தெருவில் இறங்கினால் இந்த ஊர்த் தமிழ். அவருக்கு இலங்கை என்பது அம்மா சொன்ன கதை. சிங்களம் தெரியாது, அங்கே வேலைக்கு யாரையும் தெரியாது. தயங்கிக்கொண்டிருந்தவர்களின் தயக்கத்தை 2022-இன் பொருளாதார நெருக்கடி முடித்து வைத்தது. திரும்பிப் போவது இருக்கட்டும், அந்த மார்ச் முதல் புதிதாகப் படகுகள் தனுஷ்கோடிக்கு வரத் தொடங்கின. 2025 மே மாதம், ஐ.நா. ஏற்பாட்டில் திரும்பிய முதியவர் ஒருவரைப் பல வருடங்களுக்கு முன் முறையான ஆவணமின்றி நாட்டை விட்டுப் போனதற்காகப் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். ஒரு கைது போதும், நூறு குடும்பம் பெட்டியைத் திரும்ப அவிழ்த்துவிடும்.

தீர்வு என்ன என்று கேட்டால், எல்லோருக்கும் ஒரே தீர்வு என்று பேசுவதே தப்பு என்பேன். இங்கே பிறந்தவர்களுக்கும் மலையகத்தவருக்கும் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற தடையை நீக்க வேண்டும். மூன்று நாட்டவருக்குச் செய்ததை நான்காவதாக ஒரு நாட்டுக்குச் செய்வதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. மாநில அரசு எவ்வளவு வீடு கட்டினாலும் இது மத்திய அரசு மட்டுமே செய்யக்கூடியது. போக விரும்புகிற பெரியவர்களுக்குக் கைது பயமில்லாத பயணமும், போய்ப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் திரும்பி வர அனுமதியும் வேண்டும். இப்போதுள்ள ஏற்பாட்டில் போனால் போனதுதான், அதனால்தான் காணியைப் பார்த்துவரக்கூடப் பலர் துணிவதில்லை.

உங்களுக்கு முகாமில் நண்பர்கள் இருக்கலாம். அவர்களுக்கு இப்போதே உதவக்கூடியது ஒன்று சொல்கிறேன். குடும்பத்தில் யாராவது 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்திருந்தால், முதலில் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் இல்லையென்றால் பிறந்த ஊரின் உள்ளாட்சி அலுவலகத்திலோ பிரசவம் நடந்த அரசு மருத்துவமனையிலோ பதிவு இருக்கும். அதை வைத்துப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். மறுத்தால் 2022 தீர்ப்பைக் காட்டி உயர் நீதிமன்றம் போகலாம், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீலும் கேட்கலாம். அவருக்குக் குடியுரிமை உறுதியானால், 1987-க்கும் 2004 டிசம்பருக்கும் இடையில் இங்கே பிறந்த அவருடைய பிள்ளைகளுக்கும் 'பெற்றோரில் ஒருவர் இந்தியர்' என்ற விதி பொருந்தும். திரும்பிப் போவதாக இருந்தாலும், போகாவிட்டாலும், மற்ற பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து வைப்பது நல்லது. இல்லாவிட்டால் இரண்டு நாட்டிலும் பெயர் இல்லாமல் போகும். தாமதமாகப் பதிந்தால் கட்டணம் கூடும், ஆனால் பதிய முடியும்.